தீத்தடுப்புக் கதவு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: கனமான இரும்புக் கதவு போட்டால் தீ தாண்டாது.

இரும்பு எரியாதுதான். ஆனால் சூட்டை மறுபக்கம் கடத்திவிடும். சூடேறினால் வளைந்து இடுக்கு விடும். முறையாகச் செய்த மரக் கதவு 30 அல்லது 60 நிமிடம் தாங்கும். வெறும் தகரக் கதவுக்கு அந்த உறுதி கிடையாது. ‘120 நிமிடக் கதவு’ என்றால், கதவு, நிலை, கீல், பூட்டு எல்லாவற்றையும் ஒன்றாகப் பொருத்தி உலைமுன் நிறுத்திச் சோதித்தது என்று பொருள். உலையின் வெப்பம் ஒரு மணி நேரத்தில் சுமார் 945 டிகிரி செல்சியஸைத் தொடும். இரண்டு மணி நேரத்தில் 1,050 வரை ஏறும். இந்தியாவில் இதற்கான தரநிலை ஐ.எஸ். 3614. சான்று அந்த முழுத் தொகுப்புக்குத்தான். கீலை மட்டும் மலிவு விலையில் மாற்றிவிட்டால் சான்றிதழ் வெறும் காகிதம்.

நம்பிக்கை: சான்று பெற்ற கதவு வந்து இறங்கினால் போதும்.

பெரும்பாலான குறைகள் கதவை மாட்டும்போதுதான் நேர்கின்றன. நிலைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடுக்கைச் சாதாரண ஃபோம் அடித்து நிரப்பிவிடுவார்கள். தீயில் அதுதான் முதலில் போகும். கதவைச் சுற்றி 3 அல்லது 4 மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்கலாம். விளிம்பில் பதித்த பட்டை சுமார் 200 டிகிரியில் உப்பி அந்த இடைவெளியை அடைக்கும். டைல்ஸ் உயர்ந்துவிட்டது என்று கதவின் அடியைச் சீவினாலோ, புதிய பூட்டுக்காக நடுவில் துளையிட்டாலோ இந்தக் கணக்கு கெட்டுவிடும்.

நம்பிக்கை: ஆபத்தில் எளிதாக வெளியேற, கதவு திறந்தே இருப்பது நல்லது.

ஆப்பு வைத்து நிறுத்திய தீக்கதவு புகைக்கு வழிவிடும் வாசல். டெல்லி உப்ஹார் திரையரங்குத் தீ விபத்தில் 1997இல் 59 பேர் இறந்தது தீக்காயத்தால் அல்ல, மூச்சுத்திணறி. நடமாட்டம் மிகுந்த மருத்துவமனை நடைவழிகளில் கதவு திறந்தே இருக்க வேண்டுமென்றால், அதைப் பிடித்திருக்கும் மின்காந்தத்தைத் தீ எச்சரிக்கை மணியோடு இணைக்க வேண்டும். மணி அடித்ததும் காந்தம் விடும், கதவு தானே மூடிக்கொள்ளும்.

நம்பிக்கை: பாதுகாப்பு என்றால் பூட்டு.

சிகாகோவின் இரோகுவாய் நாடக அரங்கில் 1903 டிசம்பரில் பற்றிய தீயில் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தாழிட்ட கதவுகளும் எளிதில் திறக்க வராத தாழ்களும் அதற்கு ஒரு காரணம். அதன் பிறகே, உடலால் அழுத்தினாலே திறக்கும் ‘பேனிக் பார்’ 1908இல் சந்தைக்கு வந்தது. திருடனைத் தடுப்பதும் மக்களை வெளியேற்றுவதும் ஒரே கதவில் முடியும்: வெளியிலிருந்து வர அட்டையோ சாவியோ தேவை, உள்ளிருந்து போக எதுவும் தேவையில்லை. வெளியேறும் வழியில் உள்ள மின்காந்தப் பூட்டு, மின்சாரம் போனால் திறந்துகொள்ளும்படி அமைய வேண்டும். தேசியக் கட்டட விதித்தொகுப்பும் வெளியேறும் கதவு உள்ளிருந்து சாவியின்றித் திறக்க வேண்டும் என்கிறது. இரவுக் காவலுக்காக அதில் சங்கிலி கட்டுவதை எந்தப் பாதுகாப்புக் காரணமும் நியாயப்படுத்தாது.

நம்பிக்கை: ஒரு முறை மாட்டினால் பராமரிப்பே வேண்டாம்.

தானே மூடும் கருவி தளரும், கதவு தொய்யும். பெயிண்ட் அடிப்பவர் சான்றுத் தகட்டையும் உப்பும் பட்டையையும் சேர்த்தே பூசிவிட்டுப் போவது அன்றாடக் காட்சி.