எரியாத சிவப்பு விளக்கு கற்றுத் தந்த பாடம்

"எரர் மெசேஜ் எதுவும் வரவில்லை. அப்படியானால் கம்ப்யூட்டர் நன்றாகத்தானே இருக்கிறது?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதற்கான பதிலை நான் கற்றுக்கொண்டது கம்ப்யூட்டரில் அல்ல, ஒரு படகில்!

நான் படித்தது எலக்ட்ரிக்கல் எஞ்சினியரிங். பார்ப்பது சாஃப்ட்வேர் வேலை. பொங்கலுக்கு நாகப்பட்டினம் போயிருந்தபோது மாமா தன் பழைய விசைப்படகைக் காட்டினார்.

"மாப்பிள்ளை, புது பாட்டரி போட்டும் நடுராத்திரியில ஜி.பி.எஸ். அணைஞ்சு போவுது. டைனமோவுல பழுதுன்னா சிவப்பு லைட் எரியணும். அது எரியவே இல்லையே!"

ஜி.பி.எஸ். அணைவது சின்ன விஷயமல்ல. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே 1974, 1976 ஒப்பந்தங்களில் வகுக்கப்பட்ட எல்லைக்கோடு வரைபடத்தில்தான் இருக்கிறது, தண்ணீரில் இல்லை. இருட்டில் அதைத் தாண்டினால் படகும் போகும், ஆளும் சிறைக்குப் போக நேரிடும்.

மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, பாட்டரி முனைகளில் அளந்தேன். நீங்களும் 12 வோல்ட் பாட்டரியை இப்படிச் சோதிக்கலாம்.

1. எஞ்சின் ஓடாதபோது, முழு சார்ஜ் உள்ள பாட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். மாமாவின் பாட்டரி காட்டியது 12.1. பாதிக்கும் கீழே!

2. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை ஏற வேண்டும். எங்களுக்கு 12.0தான் வந்தது. அதாவது சார்ஜ் ஆகவே இல்லை.

'ஆல்டர்நேட்டரை மாற்றுங்கள்' என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாமா எஞ்சின் வேகத்தைக் கூட்டினார். மீட்டர் சட்டென்று 14.1க்குத் தாவியது! ஆக, ஆல்டர்நேட்டர் நல்ல நிலையில்தான் இருந்தது.

3. எஞ்சினை நிறுத்திவிட்டு, சாவியை மட்டும் 'ஆன்' செய்யுங்கள். இப்போது சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். எங்கள் விளக்கு சாவி போட்டபோதும் எரியவில்லை. பல்பைக் கழற்றிப் பார்த்தால் இழை அறுந்திருந்தது.

பல பழைய எஞ்சின்களில் இந்த பல்பு வெறும் அடையாள விளக்கு அல்ல. ஆல்டர்நேட்டர் வேலையைத் தொடங்கத் தேவையான முதல் மின்சாரம் இதன் வழியாகத்தான் போகிறது. பல்பு போனால், வேகம் கூடும்வரை சார்ஜ் தொடங்காது. மெதுவாக வலை இழுத்த நாட்களில் பாட்டரி தீர்ந்ததற்குக் காரணம் இதுதான். அதே வாட்ஸ் கொண்ட பல்பு ஒன்றை மாட்டினோம். குறைந்த வேகத்திலேயே 14 வோல்ட் வந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை: சார்ஜ் ஆகிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போது பாட்டரி வயரைக் கழற்றாதீர்கள். திடீரென எகிறும் வோல்டேஜ் ஆல்டர்நேட்டரின் டயோடுகளையும் ஜி.பி.எஸ்.ஸையும் சேர்த்தே எரித்துவிடும்.

இனி உங்கள் கம்ப்யூட்டருக்கு வருவோம். அங்கேயும் இப்படி 'எரியாத விளக்குகள்' உண்டு.

* ஆன்ட்டி வைரஸ் எச்சரிக்கவில்லையா? அதைத் திறந்து, கடைசியாக அப்டேட் ஆன தேதியைப் பாருங்கள்.

* பேக்கப் தானாக நடக்கிறதா? அதிலிருந்து ஒரு ஃபைலை வேறு ஃபோல்டரில் மீட்டு, திறந்து பாருங்கள்.

* யு.பி.எஸ்.ஸில் பச்சை விளக்கு எரிகிறதா? எல்லா ஃபைல்களையும் சேவ் செய்து மூடிவிட்டு, சுவரில் உள்ள சுவிட்சை அணைத்து, எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பாருங்கள்.

மாமா இப்போது கடலுக்குப் போகுமுன் சாவியைப் போட்டு, சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்த பிறகுதான் எஞ்சினைக் கிளப்புகிறார். நீங்களும் இந்த மூன்று சோதனைகளையும் இன்றே செய்து பாருங்களேன்!