பழி பனிக்கா, வண்டிக்கா?

டொரன்டோவில் இரவு முழுக்கப் பனி கொட்டி ஓய்ந்த ஒரு காலை. 2008-ஆம் ஆண்டுப் பழைய கார் ஒன்று 401 நெடுஞ்சாலையில் ஏறி 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடத் தொடங்குகிறது. நேற்று வரை ஒழுங்காக ஓடிய வண்டி. வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆளுக்கொரு தீர்ப்பு வந்துவிடும். ஒருவர், சக்கரத்தைத் திருப்பும் தண்டான டை ராட் போய்விட்டது என்பார். இன்னொருவர், அந்தத் தண்டை அசைக்கும் ஸ்டியரிங் ராக்கையே மாற்றச் சொல்வார். மூன்றாமவர், இந்த வண்டியைத் தள்ளிவிட்டு வேறு வாங்கு என்று ஆலோசனையை முடித்துக்கொள்வார்.

இறங்கி, சக்கரத்தின் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுப் பார்த்தால் விஷயம் வேறு. ரிம்மின் உட்புறத்தில், ஒரு பக்கத்தில் மட்டும், உள்ளங்கை அளவுக்குப் பனி அப்பிக் கல்லாக இறுகியிருக்கும். வீல் பேலன்சிங் செய்யும்போது மெக்கானிக் ஒட்டுகிற எடைத்துண்டு பத்து கிராம், இருபது கிராம்தான். அந்தப் பத்து கிராமுக்கே ஸ்டியரிங் ஆட்டத்தை நிறுத்தும் சக்தி உண்டென்றால், ஒரு பிடி பனிக்கட்டி என்ன பாடு படுத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. சுரண்டி எடுத்ததும் வண்டி பழையபடி ஓடும். வெதுவெதுப்பான கராஜில் ஒரு மணி நேரம் நின்றாலும் அதுவே உருகி வழிந்து, மெக்கானிக் பார்க்கும்போது கோளாறே இருக்காது. 'நான் வரும்போது ஆடியது உண்மை' என்று உரிமையாளர் சத்தியம் செய்துகொண்டு நிற்பார்.

பனிக்காலத்தில் ஸ்டியரிங் கோளாறைக் கண்டுபிடிப்பதில் உள்ள சங்கடமே இதுதான். சாலை செய்த குற்றத்துக்கு வண்டி தண்டனை வாங்கும். வண்டியின் குற்றம் சாலையின் பெயரால் தப்பித்துக்கொள்ளும். இதற்கு நடுவில் உலவும் நம்பிக்கைகள் பல. அவற்றில் பாதி, பனி பெய்யாத ஊரில் கற்றுக்கொண்டவை.

முதலாவது, ஸ்டியரிங் லேசாகத் திரும்பினால் நல்லது என்பது. காய்ந்த சாலையில் சரிதான். பனிக்கட்டிச் சாலையில் அதுவே அபாய மணி. டயர் சாலையைப் பிடித்திருக்கும்போது, திருப்பிய சக்கரம் நேராக வரத் துடிக்கும். அந்த எதிர்ப்புத்தான் நம் கைக்குக் கனமாகத் தெரிகிறது. பிடி விட்டுப்போனால் எதிர்ப்பும் போய்விடும். ஸ்டியரிங் வெண்ணெயில் கத்தி போல வழுக்கும். 'ஸ்டியரிங் லூசாகிவிட்டது' என்று அன்றைக்கு மட்டும் தோன்றினால், பெரும்பாலும் லூசானது ஸ்டியரிங் அல்ல, சாலையோடு டயருக்கு இருந்த உறவு. நுட்பமான இந்தச் சேதியைப் பழைய வண்டிகளின் ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் ஓரளவாவது கைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். உதவி அதிகமாகத் தரும் வண்டிகளில் அதுவும் மங்கிவிடும்.

இதில் இன்னொரு ஏமாற்று உண்டு. மைனஸ் 20-ஐ விட மைனஸ் 1-இல் ஐஸ் அதிகம் வழுக்கும். பூஜ்யத்தை ஒட்டிய வெப்பநிலையில் ஐஸின் மேற்பரப்பு ஈரம் பூசியதுபோல் இருப்பதே காரணம். 'இன்றைக்குக் குளிர் குறைவு' என்று மூச்சு விடுகிற நாளில்தான் மேம்பாலங்களில் கண்ணுக்குத் தெரியாத கரும்பனி படிந்திருக்கும். கீழேயும் காற்று ஓடுவதால் பாலங்கள்தான் முதலில் உறையும்.

அப்படி முன்சக்கரங்கள் வழுக்கி வண்டி நேராகவே போகும்போது, இன்னும் அதிகமாகத் திருப்பினால் திரும்பிவிடும் என்று கை தானாகவே நினைக்கும். திரும்பாது. பிடி இழந்த டயரை மேலும் திருப்புவது அதைக் குறுக்கே போட்டு இழுப்பதற்குச் சமம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கைச் சற்றே நேராக்கினால் டயர் மறுபடி உருளும், உருண்டால்தான் பிடிக்கும். பின்பக்கம் வழுக்குவது வேறு கதை. அப்போது கண் போக வேண்டிய திசையில் இருக்க, ஸ்டியரிங்கும் அந்தத் திசைக்கே நிதானமாகப் போக வேண்டும். இரண்டையும் ஒரே விதியாகச் சுருக்கிச் சொல்வதால்தான் குழப்பம். கனடாவில் விற்கும் சிறிய வாகனங்களுக்கு வழுக்கலைக் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பு 2011 செப்டம்பர் முதல்தான் கட்டாயம். அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் காப்பாற்ற அதுவும் இருக்காது.

குளிரில் ஸ்டியரிங் கனப்பது இயல்புதான் என்ற பேச்சு பாதி உண்மை. அந்தப் பாதிதான் ஆபத்து. பவர் ஸ்டியரிங் எண்ணெய் குளிரில் தடித்துவிடும். காலையில் வண்டியைக் கிளப்பியதும் பம்ப் முனகும், ஸ்டியரிங் சற்றுக் கனக்கும், சில நிமிடங்களில் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் அது குளிரின் வேலை இல்லை. எண்ணெய் குறைந்திருக்கலாம், பெல்ட் வழுக்கலாம். ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் கனம், லேசு, கனம், லேசு என்று மாறி மாறி வந்தால் சந்தேகம் வேறிடத்துக்குப் போக வேண்டும்: ஸ்டியரிங் தண்டையும் ராக்கையும் இணைக்கும் சிறிய தண்டின் மூட்டு உப்பில் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். இதற்கு எத்தனை போத்தல் எண்ணெய் ஊற்றினாலும் பயனில்லை.

எண்ணெய் ஊற்றுவதிலும் ஒரு மூடநம்பிக்கை. குறைந்தால் ஊற்று, மறுபடி குறைந்தால் மறுபடி ஊற்று. அது பெட்ரோல் போலத் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. தரையில் சொட்டவில்லையே என்பார்கள். ராக்கின் இரு முனைகளிலும் அக்கார்டியன் துருத்தி போன்ற ரப்பர் உறை இருக்கும். கசிந்த எண்ணெய் அதற்குள் தேங்கி நிற்கும். கீழே குனிந்து உறையை அமுக்கினால் களுக்கென்று கைக்குத் தெரியும்.

பவர் ஸ்டியரிங் நின்றால் வண்டியே கையை விட்டுப் போய்விடும் என்ற பயமும் பரவலானது. 2010 மார்ச்சில் ஜெனரல் மோட்டார்ஸ், மின்சாரப் பவர் ஸ்டியரிங் திடீரென்று நின்றுபோகும் கோளாறுக்காக ஷெவர்லே கோபால்ட் உள்ளிட்ட சுமார் 13 லட்சம் சிறிய கார்களைத் திரும்ப அழைத்தது. ஆனால் அப்படிப் பவர் நின்றாலும் ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையிலான இரும்பு இணைப்பு அறுவதில்லை. வண்டி திரும்பும், ஆனால் மெதுவாகப் போகும்போது தோள்பட்டை நோகும் அளவுக்குக் கனக்கும். திடீரென்று கனத்ததும் ஓட்டுபவர் கையை விட்டுவிடுவதே ஆபத்து.

இனி, கராஜ்களில் அதிகம் கேட்கிற வசனம். ஸ்காபரோ பக்கம் தமிழ் பேசும் கராஜ் எதிலும் இது நடக்கலாம்.

"அண்ணை, ஸ்டியரிங் வலப்பக்கம் இழுக்குது. அலைன்மென்ட் ஒண்டு செய்து விடுங்கோ."

"எந்த ரோட்டில தம்பி? ஸ்னோவிலயோ, காய்ஞ்ச ரோட்டிலயோ?"

இந்த ஒரு கேள்வியைக் கேட்கிற மெக்கானிக் கிடைத்தால் விடக் கூடாது. வலப்பக்கம் ஓட்டும் நாட்டில், தண்ணீர் வடிய சாலை வலப்பக்கம் சரிந்தே இருக்கும். ஓரத்தில் பனிச்சேறு குவிந்திருந்தால் வலச்சக்கரங்கள் அதில் புதைந்து வண்டியை அந்தப் பக்கமே இழுக்கும். அலைன்மென்ட் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இது நடக்கும். காய்ந்த, சமதளமான இடத்திலும் இழுத்தால்தான் குற்றவாளி வண்டி. அப்போதும் முதலில் டயரின் காற்றைப் பார்க்க வேண்டும். 20 டிகிரி சூட்டில் 33 பி.எஸ்.ஐ. அடித்த டயர் மைனஸ் 20-இல் சுமார் 26-க்கு இறங்கிவிடும். ஒரு டயர் மட்டும் இன்னும் கொஞ்சம் கசிந்தால் அதுவே வண்டியை இழுக்கப் போதும்.

குழியில் விழுந்து அலைன்மென்ட் கெடுவது நிஜம். உறைந்து உருகும் சாலைகளில் குழிக்கா பஞ்சம்! ஆனால் மூட்டுகளில் ஆட்டம் இருக்கும்போது அலைன்மென்ட் செய்வது, காலுடைந்த மேசையை அளவெடுத்து நிறுத்துவது போல. கடையிலிருந்து வெளியே வந்ததும் மாறிவிடும்.

ஆட்டத்தைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம், இரண்டு பேர் போதும். காய்ந்த தரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கை இரண்டு விரல்கடை அளவுக்கு இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும். மற்றவர் வெளியே நின்று சக்கரத்தைப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் அசைந்தும் சக்கரம் அசையத் தாமதித்தால் இடையில் ஏதோ தேய்ந்திருக்கிறது. பிறகு முன்சக்கரத்தைத் தூக்கி, ஜாக்கை நம்பாமல் ஸ்டாண்ட் கொடுத்துவிட்டு, கடிகாரத்தின் 9, 3 இடங்களில் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்ட் பேசும். 12, 6 இடங்களில் ஆட்டினால் பால் ஜாயின்ட்டும் வீல் பேரிங்கும் பேசும். டை ராட் எண்டின் மேல் விரலை வைத்திருந்தால் 'டக்' என்று ஒரு சின்னத் தட்டு விரலுக்குத் தெரியும். காதுக்குக் கேட்பதற்கு வெகு முன்பே தெரியும். அந்த மூட்டைப் போர்த்தியிருக்கும் ரப்பர் கிழிந்திருந்தால், சாலையில் தூவிய உப்புத் தண்ணீர் கிரீஸைக் கழுவிக்கொண்டு போயிருக்கும்.

டயர் பற்றிய நம்பிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முன்சக்கரம் இழுக்கும் வண்டிக்கு முன்னால் மட்டும் இரண்டு விண்டர் டயர் போதும் என்பது சிக்கனம் போலத் தெரியும். முன்பக்கம் திரும்ப, பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வரும். கியூபெக் மாகாணச் சட்டம் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை நான்குக்கும் விண்டர் டயர் கேட்கிறது. டிக்கியில் மணல் மூட்டை போடுவது பின்சக்கரம் இழுக்கும் பிக்கப்புக்கு நல்லது. முன்சக்கரம் இழுக்கும் காரில் அது ஸ்டியரிங் சக்கரங்களின் மேலுள்ள பாரத்தைக் குறைத்து, இல்லாத கோளாறை உண்டாக்கும். காற்றைக் குறைத்தால் பிடி கூடும் என்பது பாலைவன மணலுக்கான வித்தை. கோடை டயர்களின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைக்கத் தொடங்கும். பள்ளம் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயர், சட்டப்படி செல்லும் என்றாலும், பனியில் செல்லாக்காசு.

கடைசியாக ஒன்று: 'வாங்கும்போது சேஃப்டி எடுத்த வண்டி.' ஒன்டாரியோவில் தனியார் காருக்கு ஆண்டுதோறும் பரிசோதனை கிடையாது. வண்டி கைமாறும்போது எடுக்கும் அந்தச் சான்றிதழ் 36 நாட்களுக்குத்தான் செல்லும். ஆறு குளிர்காலத்துக்கு முன்பு எடுத்த சான்றிதழ் கையுறைப் பெட்டியில் பத்திரமாக இருக்கும். கீழே, டை ராட் எண்டின் ரப்பர் உறை வாயைப் பிளந்துகொண்டு தொங்கும்.