யூரியாவும் அமோனியஞ் சல்பேற்றும்: கிராமை மூலாக மாற்றல்

கமக்காரர்களே, பசளையின் நிறை வேறு. அதிலுள்ள நைதரசனின் அளவு வேறு. ஒரு சேர்வையின் கிராம் நிறையை அதன் மூலக்கூற்று நிறையால் வகுக்க, மூல் எண்ணிக்கை கிடைக்கும்.

யூரியாவில் காபன் 12, ஒட்சிசன் 16, நைதரசன் 28, ஐதரசன் 4; கூட்டுத்தொகை 60. எனவே 600 கிராம் யூரியா 10 மூலாகும். அமோனியஞ் சல்பேற்றின் மூலக்கூற்று நிறை 132. ஆதலின் அதில் 1320 கிராமே 10 மூலாகும். இவை ஒவ்வொன்றின் ஒரு மூலிலும் நைதரசன் 28 கிராம் உண்டு. ஆகவே இவ்விரு நிறைகளும் பயிருக்கு அளிப்பது 280 கிராம் நைதரசனே.

அமோனியஞ் சல்பேற்று இட்டுவந்த நிலத்திற்கு அதே நிறை யூரியாவை இடின், நைதரசன் இருமடங்கிற்கும் மேலாகும். மிளகாய்க் கன்றுகள் கருகவும் நெற்பயிர் சாயவும் கூடும். 1320 கிராமுக்குப் பதிலாக 600 கிராம் யூரியாவையே நிறுத்து இடுக.