விரல்நுனியிற் பிறக்கும் மின்சாரம்

திருகோணமலை உட்துறைமுகத்திலே இரவு வேளையிற் கைத்தூண்டில் இடுவோரை நம்மிற் பலர் கண்டிருக்கின்றோம். இருளில் அவர்க்குத் துணை சுட்டுவிரலின்மேற் கிடக்கும் தங்கூசி ஒன்றே. நீரோட்டமும் ஈயக்குண்டும் அதனை இடையறாது இழுத்தபடியே இருக்கும். அவ்விழுவையை விரல் விரைவிற் பொருட்படுத்தாது விடுகின்றது. ஆழத்தில் ஒரு விளைமீன் இரையைத் தொட்டதும் விழித்துக்கொள்கின்றது. இத்தொடுகை மூளைக்கு எவ்வடிவிற் செல்கின்றது என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

நரம்புக் கலத்தின் உட்புறம், வெளிப்புறத்தை நோக்க, ஏறக்குறைய 70 மில்லிவோற்று மறையழுத்தத்தில் இருக்கும். வெளியே மிகுந்து நிற்கும் சோடியம் அயன்கள் உட்புக முந்துகின்றன. வாயில் அடைபட்டிருப்பதால் நிற்கின்றன. தோலில் விழும் விசையே அவ்வாயிலைத் திறக்கின்றது.

அவ்வாயில் யாது என்பது நெடுங்காலம் புலப்படவில்லை. ஆர்டெம் பட்டபூட்டியனும் அவர்தம் உடனுழைப்பாளரும், நுண்ணிய கண்ணாடி முனையாற் குத்தியவுடன் மின்னோட்டம் காட்டும் கலங்களை எடுத்து, ஐயத்திற்குரிய 72 பரம்பரையலகுகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்தனர். இறுதியில் ஒன்றை அடக்கியபோது மின்னோட்டம் மறைந்தது. எத்துணைப் பொறுமை! 2010இல் வெளியான இக்கண்டுபிடிப்பு அவருக்கு 2021ஆம் ஆண்டு நோபெல் பரிசிற் பங்கு ஈட்டித் தந்தது. அப்புரதத்திற்குப் ‘பீசோ’ என்று பெயர். தொடுகைக்குச் சிறப்பாக உரியது பீசோ-2. கப்பலின் சுழல்விசிறி போல மூன்று அலகுகள் உடைய அது, மென்சவ்வைக் கிண்ணம்போற் குழித்து அமர்ந்திருக்கும். சவ்வு இழுபடும்போது அலகுகள் தட்டையாகி நடுத்துளை திறக்க, அயன்கள் உட்பாய்கின்றன, மறையழுத்தம் குறைகின்றது. குறைவு ஓர் எல்லையைக் கடந்தால் நரம்பிழையில் மின்துடிப்பு எழும். துடிப்புகள் யாவும் ஓரளவினவே. வலிய தொடுகை அவற்றை அடுத்தடுத்து எழச்செய்யும், அவ்வளவே. இதனை ஏட்றியனும் சொட்டர்மனும் 1926இலேயே காட்டினர்.

இனி, மறதியைப் பற்றி. தொடுகை உறுப்புகள் பல. நீடித்த அழுத்தத்தை ஓயாது அறிவிப்பனவும் உள. அதிர்வை உணரும் பசினியின் சிறுதுணிக்கையோ வெங்காயம்போற் பல உறைகள் உடையது. மெல்ல வரும் அழுத்தம் உறைகளிடையேயுள்ள பாய்மத்திலே தேய்ந்துபோகும். விரைந்த அதிர்வே நடுவிலுள்ள நரம்புமுனையை எட்டும். மெண்டல்சனும் லோவன்ஸ்ரைனும் 1964இல் உறைகளை உரித்துவிட்டு அழுத்திப் பார்த்தனர். அழுத்தம் நீடிக்குமளவும் மின்னழுத்த மாற்றமும் நீடித்தது. துடிப்போ முன்போலத் தொடக்கத்திலேயே ஓய்ந்தது. நரம்பிழையும் தன் பங்கிற்கு மறக்க வல்லது போலும்!

பீசோ-2 பிறவியிலேயே செயற்படாத சிலரைப் பற்றி 2016இல் ஆய்வுரை வெளியாயிற்று. கண்ணை மூடினால் தம் கை எங்குள்ளது என அவர் அறியார். இஃது அரிய குறை. நீரிழிவால் நரம்பு நலிதலோ நம்மவரிடையே மலிந்தது. நலிந்த காலிற் சிப்பியோடு கிழித்தாலும் உணர்வு எழாது. புண் ஆழ்ந்தபின்னரே வைத்தியசாலையை நாடுகின்றனர். சிலர் காலையே இழக்கின்றனர். இதனை முன்னறியும் கருவி, தங்கூசியை ஒத்த ஒரு நைலோன் இழைதான். 10 கிராம் விசையில் வளையுமாறு அமைந்த அதனை, நோயாளர் கண்ணை மூடியிருக்க, உள்ளங்காலிற் பல இடங்களில் வைத்தியர் ஊன்றிப் பார்ப்பர். நீரிழிவுடையோர் ஆண்டுக்கொருமுறையேனும் இச்சோதனைக்கு உட்படல் வேண்டும். இழையை உணராதோர் வெறுங்காலுடன் மணலில் நடத்தலை ஒழித்து, நாடோறும் உள்ளங்காலைக் கண்ணாற் பார்த்துக்கொள்ளல் வேண்டும். குனிய இயலாதோர்க்கு நிலத்தில் வைத்த ஒரு முகக்கண்ணாடி போதும்.