கோச்சின் சொல்லுக்கு எது ஆதாரம்?

அன்புள்ள கயல்விழி,

கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணிக்கு கோச் ஆவதையே வாழ்க்கைத் தொழிலாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தொழிலை எதை வைத்து எடைபோடுவது என்பதில் உன்னோடு நான் வேறுபடுகிறேன். நீ கோப்பைகளை எண்ணுகிறாய். ஒரு கோச் தன் பிள்ளைகள்மேல் செலுத்திய அதிகாரத்துக்கு ஆதாரம் எது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். பிள்ளைகளும் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய ஆதாரம் இருந்தால் அந்த அதிகாரம் நியாயமாக நடக்கும். இல்லாவிட்டால், கோச் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஒரு கட்டத்தில் அது வழி தவறும். இந்த இரண்டையும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் பார்க்க முடிவதால், அமெரிக்காவின் ஆன்சன் டாரன்ஸைப் பற்றி எழுதுகிறேன்.

டாரன்ஸ் 1951-இல் பம்பாயில் பிறந்த அமெரிக்கர். சேப்பல் ஹில் நகரிலுள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஆண்கள் கால்பந்து அணிக்கு கோச்சாக வந்தபோது சட்டம் படித்துக்கொண்டிருந்தார். அந்தப் படிப்பை முடிக்கவில்லை. 1979-இல் பெண்கள் அணியும் அவர் பொறுப்புக்கு வந்தது. அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்கள் ஆண், பெண் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1972-இல் வந்த ‘டைட்டில் நைன்’ சட்டம்தான் அமெரிக்கக் கல்லூரிகளில் இப்படிப்பட்ட பெண்கள் அணிகளுக்கு வழி திறந்தது. 2024 வரை அவர் அந்த அணியை விட்டு நகரவில்லை. 1981-இல் முதல் தேசியப் பட்டம், 1982-இல் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு பெண்கள் கால்பந்துக்கும் சாம்பியன்ஷிப் நடத்தத் தொடங்கிய பிறகு இன்னும் 21 பட்டங்கள். நடுவே அமெரிக்கத் தேசிய அணிக்கும் கோச்சாக இருந்து, 1991-இல் சீனாவில் நடந்த முதல் பெண்கள் உலகக் கோப்பையையும் வென்று கொடுத்தார். மியா ஹாம், கிறிஸ்டின் லில்லி போன்ற புகழ்பெற்ற வீராங்கனைகள் அவரிடம் பயின்றவர்கள்.

அந்த ஊரில் கல்லூரி கோச்சின் கையில் இருக்கும் அதிகாரம் நம்மூர் பி.டி. மாஸ்டரின் அதிகாரத்தைவிடப் பல மடங்கு பெரியது. எந்தப் பள்ளி மாணவியை அணிக்கு அழைப்பது, யாரைக் களத்தில் இறக்குவது, யாரை பெஞ்சில் உட்கார வைப்பது என்பதோடு, பணமும் அவர் கையில் இருக்கிறது. என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவுப் பெண்கள் அணிக்கு வெகுகாலம் 14 முழு ஸ்காலர்ஷிப் என்பதே உச்சவரம்பாக இருந்தது. அதைத் துண்டுபோட்டு இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பங்கிட வேண்டியிருந்தது. யாருக்குப் பாதி, யாருக்குக் கால், யாருக்கு ஒன்றுமில்லை என்று முடிவு செய்பவர் கோச். பதினெட்டு வயதுப் பெண்ணின் ஆட்டம், படிப்புச் செலவு, தன்னம்பிக்கை மூன்றும் ஒரே ஆளின் சொல்லில் தொங்குகின்றன. 2025-இல் இந்த வரம்பு மாறி, அணியின் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வந்திருக்கிறது. ஆனால் பங்கிடும் கை மாறவில்லை.

டாரன்ஸின் உண்மையான சாதனை, அந்தச் சொல்லுக்கு எல்லாரும் பார்க்கும்படி ஒரு கணக்கை அடித்தளமாக வைத்தது. அந்த யோசனைக்கு விதை போட்டவர் அதே பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து கோச் டீன் ஸ்மித். தன் பிராக்டீஸில் நடப்பதையெல்லாம் அவர் மதிப்பெண்ணாகக் குறிக்க வைத்ததைப் பார்த்து, டாரன்ஸ் அதைக் கால்பந்துக்குக் கொண்டுவந்தார். ஒருவருக்கு ஒருவர் என்ற பயிற்சியை எடுத்துக்கொள். சின்னக் கட்டத்துக்குள் இரண்டு பெண்கள். ஒருத்தி பந்தைக் கடத்த வேண்டும், மற்றவள் மறிக்க வேண்டும். விசில் அடித்ததும் ஓரத்தில் நிற்கும் மாணவ உதவியாளர் வெற்றியா, தோல்வியா, சமனா என்று குறித்துக்கொள்கிறார். ஓட்டம், தலையால் முட்டுவது, கோல் அடிப்பது, சிறு அணி ஆட்டம் என ஒவ்வொன்றுக்கும் இப்படியே. வரிசைப்பட்டியல் எல்லார் பார்வைக்கும் ஒட்டப்படுகிறது. ‘எனக்கு ஏன் இடமில்லை’ என்று கேட்டு வருபவளிடம் கோச் தன் அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டியதில்லை. பட்டியலைக் காட்டினால் போதும். பட்டியல் தவறென்று தோன்றினால், அவளும் அதே தாளைக் காட்டி வாதாடலாம். இந்த இரண்டாவது உரிமைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இதில் இன்னொரு நன்மையும் விளைந்தது. 1983-இல் அணிக்கு வந்த ஏப்ரல் ஹைன்ரிக்ஸ் பிராக்டீஸிலேயே ஈவிரக்கமில்லாமல் மோதுகிறாள் என்று சக வீராங்கனைகள் முறையிட்டதை டாரன்ஸே பலமுறை சொல்லியிருக்கிறார். அவளை அடக்குவதற்குப் பதிலாக, எல்லாரும் அப்படி மோதுவதே வழக்கம் என்று ஆக்கினார். தோழியைத் தோற்கடித்தால் நட்பு கெட்டுவிடும் என்று வளர்க்கப்பட்ட பெண்களுக்கு, மோதுவது அன்றாட வேலைதான் என்று அந்தப் பட்டியல் அனுமதி கொடுத்தது. ஹைன்ரிக்ஸ் 1991 உலகக் கோப்பை அணியின் கேப்டன் ஆனார். பிறகு கோச்சாகி, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தார்.

டாரன்ஸின் பட்டங்களெல்லாம் ஆளே இல்லாத ஊரில் அடித்த கோல்கள்தானே என்று நீ கேட்கலாம். பாதி சரி. 1982-இல் என்.சி.ஏ.ஏ. போட்டிக்கு வந்தவை 12 அணிகள். 2001-இல் அது 64 ஆனது. 1982 தொடங்கி 2000 வரையிலான 19 பருவங்களில் டாரன்ஸ் 16 பட்டம் வென்றார். அடுத்த 23 பருவங்களில் ஐந்துதான். நாலே வயதான அணியை வைத்துக்கொண்டு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் பெக்கி பர்லி 1998 இறுதி ஆட்டத்தில் டாரன்ஸை 1-0 என்று வீழ்த்தினார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் பெண் கோச் அவர்தான். 21 வயதில் பெர்ரி கல்லூரியில் கோச்சாகத் தொடங்கியவர் என்பதையும் உனக்காகச் சொல்லிவைக்கிறேன். ஆக, கோப்பைக் கணக்கு எதிரிகளின் எண்ணிக்கையோடு ஏறி இறங்குகிறது. அதனால்தான் அதை அளவுகோலாக வைக்காதே என்கிறேன். 2024 ஆகஸ்டில், பருவம் தொடங்கச் சில நாள்களே இருந்தபோது டாரன்ஸ் ஓய்வை அறிவித்தார். அவருடைய உதவியாளர் டேமன் நஹாஸ் தற்காலிகப் பொறுப்பேற்று, அந்த டிசம்பரிலேயே வேக் ஃபாரெஸ்ட் அணியை 1-0 என்று வென்று பட்டம் வாங்கினார். ஒரு பட்டத்தை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாதுதான். ஆனாலும், ஆள் போன பிறகும் அங்கே ஏதோ ஒன்று வேலை செய்தது என்பதை மறுக்க முடியாது.

பெயரை வரிசையில் போட்டுச் சுவரில் ஒட்டினால் கடைசியில் இருக்கும் பெண் நொறுங்கிப்போக மாட்டாளா என்பது இதைவிடக் கனமான கேள்வி. நொறுங்கக்கூடும். காரணமே தெரியாமல் பெஞ்சில் கிடப்பவள் அதைவிட மோசமாக நொறுங்குவாள் என்று நினைக்கிறேன். ஆனால் அதைச் சொல்லி நீ தப்பித்துக்கொள்ளக் கூடாது. அவள் உழைத்து மாற்றிக்கொள்ளக்கூடியதை மட்டும் அளந்து எழுது. கடைசி ஐந்து பேரை நீயாகவே தனியாகக் கூப்பிட்டு, எந்த எண் எப்படி ஏறும் என்று பேசு. அளக்க முடியாதவையும் உண்டு. பந்தில்லாமல் ஓடி, எதிர் டிஃபெண்டரை இழுத்துப்போய்த் தோழிக்கு இடம் திறந்துவிடுபவளின் பெயர் எந்தக் கட்டத்திலும் விழாது. அங்கே உன் கண்ணைத்தான் நம்ப வேண்டும். இது என் கண்ணில் பட்டது, கணக்கில் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லியும்விட வேண்டும்.

இனி அந்தக் கதையின் இருண்ட பக்கம். 1998-இல் அணியின் முன்னாள் வீராங்கனைகள் இருவர், டாரன்ஸ் வீராங்கனைகளின் பாலியல் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டதும் பேசியதும் துன்புறுத்தல் என்று வழக்குத் தொடுத்தார்கள். துன்புறுத்தல் என்பதை அவர் மறுத்தார். கிண்டலாகப் பேசியதுதான் என்றார். அவர்களில் ஒருவர் விடாமல் நடத்திய வழக்கை ஜூரி விசாரிக்கலாம் என்று 2007-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2008-இல் பல்கலைக்கழகம் 3,85,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. டாரன்ஸ் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். இத்தனை பட்டம் வாங்கியவரின் ஒரு பலவீனம்தானே என்று இதை ஒதுக்கிவைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பந்தை எத்தனை முறை மறித்தாள் என்ற கேள்விக்குத் தாளில் பதில் உண்டு; யாரோடு பழகுகிறாள் என்பதற்கு அந்தத் தாளில் இடமே கிடையாது. அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருந்தது கணக்கு கொடுத்த அதிகாரம் அல்ல. ஸ்காலர்ஷிப்பையும் ஆட்ட நேரத்தையும் கையில் வைத்திருப்பவர் என்ற பலம் மட்டுமே. அப்படிப்பட்டவர் சிரித்துக்கொண்டே கேட்டாலும், எதிரே நிற்கும் பெண்ணால் பதில் சொல்ல மாட்டேன் என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. நீயும் பெண் என்பதால் இந்த ஆபத்து உனக்கு இல்லை என்று எண்ணிவிடாதே. சாப்பாடு, எடை, காதல், வீட்டுப் பிரச்சினை என்று உன் அக்கறை நுழையப் பார்க்கும் இடங்கள் நிறைய.

இதெல்லாம் பணக்காரப் பல்கலைக்கழகத்துக்குத்தான் கட்டுப்படியாகும் என்று சொல்லிவிடாதே. நாலு கோன், ஒரு விசில், கோடு போட்ட நோட்டு, எழுதிக்கொள்ள ஒரு ஜூனியர் மாணவி. இவ்வளவும் எந்தக் கல்லூரி மைதானத்திலும் கிடைக்கும். முதல் பருவத்தில் இரண்டே பயிற்சிகளை மட்டும் அளந்து பழகு. பிள்ளைகளை நீ அளப்பதுபோல, மாதம் ஒருமுறை உன்னைப் பற்றி அவர்களும் பெயர் போடாமல் எழுதித் தரட்டும். அந்தத் தாள்கள் உன் கைக்கு வரும் முன்பே உன் துறைத் தலைவரோ வேறொரு ஆசிரியையோ படித்திருக்க வேண்டும்.

அன்புடன்,
அத்தை