இரத்தக் கொதிப்பு: அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கலாமா?



பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் கடை நடத்தும் நாம், காலையில் கதவைத் திறந்தால் இரவு கல்லாக் கணக்கு முடியும்வரை நம் உடம்பை நினைப்பதில்லை. தலைவலி வந்தால் ஒரு டீ. கிறுகிறுப்பு வந்தால் பித்தம் என்று உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. "பிரஷர் இருந்தால் எனக்குத் தெரியாதா?" என்று கேட்பவர்கள் நம்மில் பலர். பெரும்பாலும் தெரியாது என்பதுதான் உண்மை.

இந்நோய் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அது இருப்பதே தெரியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெரிவித்தது. கடும் தலைவலி, பார்வை மங்கல், மூச்சுத்திணறல், மூக்கில் இரத்தம் போன்றவை அழுத்தம் மிக அதிகமான பிறகே வரலாம். வேறு காரணத்தாலும் வரலாம். ஆகவே கருவி காட்டும் எண்ணே நம்பத்தக்க அடையாளம்.

120/80-க்குக் கீழ் இருந்தால் நல்லது. வெவ்வேறு நாட்களில் பார்த்தும் மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90, அதற்கு மேலும் இருந்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். மூட்டை இறக்கிய கையோடு பார்க்கக் கூடாது. பார்ப்பதற்கு முன் அரைமணி நேரம் டீ, காபி, புகை வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பின் பார்ப்பதே சரி.

உப்புக் கணக்கு நமக்குத் தெரிந்த கணக்குதான். ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். நால்வர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் ஆகியவற்றில் உள்ள உப்பும் இதில் சேர்த்தி. நம் வீட்டுக்கு மாதம் எத்தனை கிலோ போகிறது என்று பாருங்கள். கல் உப்பு, இந்துப்பு என்று மாற்றினாலும் கணக்கு மாறாது.

நம் சக வியாபாரி ஒருவர் ஓராண்டு மாத்திரை சாப்பிட்டார். எண் சரியானதும் தாமாகவே நிறுத்திவிட்டார். ஒருநாள் காலை சரக்குச் சீட்டு எழுதும்போது பேனா கையிலிருந்து நழுவியது. வாய் கோணியது, பேச்சு குழறியது. களைப்பு என்று படுக்க வைத்ததில் நேரம் போய்விட்டது. இன்று கல்லாவில் அவர் மகன் இருக்கிறார். எண் சரியாக இருந்தது மாத்திரையால்தான் என்பதை அவரும் நாமும் அப்போது உணரவில்லை. மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

முகம் ஒருபக்கம் கோணுதல், கை தளர்தல், பேச்சு குழறுதல், நெஞ்சுவலி ஆகியவற்றில் எது கண்டாலும் உடனே 108-ஐ அழையுங்கள். பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுக்க வேண்டும். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், பெரம்பலூர், அரியலூர் அரசு மருத்துவமனைகளிலும் இரத்த அழுத்தம் பார்க்கக் கட்டணம் இல்லை. ஆண்டுதோறும் சரக்கு இருப்பு எடுக்கும் நாம், ஒரு காலைப்பொழுது கடையைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டு இதையும் பார்த்து வருவோம். வீட்டாரையும் கடைப் பையன்களையும் உடன் அழைத்துச் செல்வோம்.