பொதி கட்டுதல்

தில்லியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம், மதுரையிலுள்ள அத்தையின் வளைகாப்புக்குப் பிரோசாபாத் கண்ணாடி வளையல்களையும் ஒரு பருத்திச் சேலையையும் அனுப்ப விரும்பியது. விழாவிற்குப் பத்து நாள்களே இருந்தன. வளையல்கள் உடைந்தால் வேறு வாங்கி அனுப்பக் காலம் இராது.

"கட்டணம் செலுத்திக் கட்டச் சொல்வோம்" என்றார் அம்மா.

"நாமே கட்டலாம், அம்மா! பெட்டியும் பழைய செய்தித்தாள்களும் வீட்டிலேயே உள்ளனவே" என்றாள் மகள்.

"கட்டிக் காட்டு; பிறகு முடிவு செய்வோம்."

மகள் வளையல்களைத் தாளில் சுற்றிச் சேலையின் மடிப்புகளுக்குள் வைத்தாள். அஞ்சல் கட்டணம் எடைக்கேற்பக் கூடும். சேலையே மெத்தையானதால் எடை மிகவில்லை. அம்மா பெட்டியைக் குலுக்கினார். கலகலவென ஓசை எழுந்தது. மகள் இடைவெளிகளில் கசக்கிய தாளைத் திணித்தாள். மீண்டும் குலுக்கியபோது ஓசை இல்லை.

"இனி ஒட்டிவிடலாம்" என்றார் அம்மா. மகள் முகவரியின் கீழ், 6 எனத் தொடங்கும் ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு எண்ணைத் தெளிவாக எழுதினாள்.

சொற்பொருள்
பொதி – மூட்டை, பார்சல்
மிகுதல் – கூடுதல்

வினாக்கள்
1. பெட்டியில் ஓசை எழுந்தது எதனை உணர்த்தியது?
2. எத்தகைய பொருள்களைக் கட்டணம் செலுத்திக் கட்டச் சொல்வீர்கள்? ஏன்?